தோல்விக்கு உரியவர் யார்?

பனித்தரையில் ஆடும் ஹொக்கி விளையாட்டை நம்மிற் பெரும்பாலார் நேரிற் கண்டவரல்லர். கனடாவிற் குடியேறிய உறவினர் வாயிலாகவும் தொலைக்காட்சி வாயிலாகவுமே அது நமக்கு அறிமுகமாகியுள்ளது. எனினும் அவ்விளையாட்டைச் சூழ்ந்து ஓயாது எழும் வினா ஒன்று, விளையாட்டின் எல்லையைக் கடந்து நம் அனைவரையும் தொடுவதாகும். இளம் பின்கள வீரர் ஒருவர் தடுமாறுகிறார். அவர் காத்து நிற்கும் பக்கத்தால் எதிரணி கோல் போடுகிறது. அவர் தள்ளிவிடும் இறப்பர் வட்டு எதிரியின் மட்டையிற் போய்ச் சேர்கிறது. அரங்கிலிருப்போர் எள்ளி ஒலியெழுப்புகின்றனர். அப்போது ஒரு சாரார், "இவனிடம் சரக்கில்லை" என்கின்றனர். மறு சாரார், "வேறொரு பயிற்றுநரின் கீழ் ஆடினால் இவன் பிரகாசிப்பான்" என்கின்றனர். இவ்விரு சாராருள் யார் கூறுவது உண்மை? ஒரு மனிதனின் தோல்வியை அவன் கணக்கில் எழுதுவதா, அவனை ஆட்டுவித்தவர் கணக்கில் எழுதுவதா என்பதே இவ்வினாவின் உட்கிடையாகும். ஆதலின் இது விளையாட்டு வினா மட்டுமன்று, ஒழுக்கவியல் வினாவுமாகும்.

ஆட்டத்தின் அமைப்பைச் சிறிது அறிந்தாலன்றி இவ்வினாவை நாம் நேர்மையாக ஆராய இயலாது. 200 அடி நீளமும் 85 அடி அகலமும் உடைய பனித்தரையில், அணிக்கு அறுவராக இறங்குவர். அவருள் ஒருவர் கோல் காப்பாளர். மூவர் முன்கள வீரர். இருவர் பின்கள வீரர். ஆட்டம் 20 நிமிடங்கொண்ட மூன்று பகுதிகளாக 60 நிமிடம் நடைபெறும். ஆனால் எவரும் தொடர்ந்து ஆடுவதில்லை. ஏறத்தாழ முக்கால் நிமிடம் முழு வேகத்துடன் சறுக்கி ஆடியபின் ஒருவர் வாங்குக்குத் திரும்ப, அவரிடத்துக்கு வேறொருவர் இறங்குவார். ஓர் அணியின் பின்கள வீரர் அறுவரும் மூன்று இணைகளாகப் பிரிக்கப்படுவர். முதலாம் இணையினர் ஓர் ஆட்டத்தில் 23, 24 நிமிடம் வரை தரையில் நின்று, எதிரணியின் தலைசிறந்த முன்கள வீரரை எதிர்கொள்வர். மூன்றாம் இணையினர்க்கு 15 நிமிடமளவே கிட்டும். அவர் சந்திக்கும் எதிரிகளும் ஓரளவு இலகுவானவராயிருப்பர்.

எவர் எவருடன் இணைவது, எந்த எதிரிக்கு முன்னால் இறங்குவது, நின்ற ஆட்டம் மீண்டும் தொடங்கும்போது தன் கோலுக்கு அருகில் நிற்பதா எதிரியின் கோலுக்கு அருகில் நிற்பதா என்பன யாவும் பயிற்றுநரின் தீர்மானங்களே. காக்கும் முறையும் அவ்வாறே. ஆளுக்கு ஆள் துரத்திக் காக்கும் முறையை ஒருவர் கைக்கொள்வார்; அவரவர்க்குரிய இடத்தை அவரவர் காக்கும் முறையை மற்றொருவர் கைக்கொள்வார். முன்னதிற் கால்வேகம் மிக்கவன் சிறப்பான். பின்னதில் நிதானமும் முன்னுணர்வும் மிக்கவன் சிறப்பான். ஒரே மனிதன் ஒரு முறையிற் கெட்டிக்காரனாகவும் மற்றதில் அசடனாகவும் தோற்றமளித்தல் கூடும்.

இனி, இம்மனிதனை அளக்கும் கோலையும் நாம் நோக்க வேண்டும். பல்லாண்டு வழக்கிலுள்ள கூட்டல் கழித்தற் கணக்கு ஒன்று உண்டு. இரு அணியிலும் ஆள்தொகை சமமாயிருக்கையிலோ, தன் அணியில் ஆள் குறைந்திருக்கையிலோ, ஒருவர் தரையில் நிற்கும் வேளை தன் அணி கோல் போட்டால் அவருக்கு ஒன்று கூட்டப்படும். ஆள்தொகை சமமாயிருக்கையிலோ, எதிரணியில் ஆள் குறைந்திருக்கையிலோ, எதிரணி கோல் போட்டால் அவருக்கு ஒன்று கழிக்கப்படும். அந்தக் கோலில் அவர் கைபட்டதா, கோல் காப்பாளர் பிழைவிட்டாரா, இணையாளர் இடம் தவறினாரா என்று அக்கணக்குக் கேட்பதில்லை. தரையில் நின்ற ஐவருக்கும் ஒரே தீர்ப்பு. ஐவரும் சேர்ந்து விளைத்த ஒன்றை ஒவ்வொருவர் பெயரிலும் தனித்தனியே எழுதிவைத்துவிட்டு, பின்னர் அவ்வெழுத்தையே அவரவர் தகுதிக்குச் சான்றாகக் காட்டுகிறோம். இக்காலத்தில் இதனினும் நுண்ணிய கணக்குகள் பல வந்துள்ளன. ஆயினும் ஒருவர்தம் பங்கை அவரைச் சூழ்ந்த நால்வரினின்றும் முற்றாகப் பிரித்தெடுக்க எக்கணக்காலும் இயலவில்லை.

உண்மையில் நிகழ்ந்த இரு வரலாறுகளை எடுத்துக்கொள்வோம். முதலாமவர் கனடாவைச் சேர்ந்த ஜஸ்ரின் ஷுல்ற்ஸ். 2012இல் எட்மன்ரன் ஒயிலர்ஸ் அணி அவரைப் பெற்றபோது அவர்மீது வைக்கப்பட்ட நம்பிக்கை பெரிது. தலைசிறந்த பின்கள வீரருக்கு அளிக்கப்படும் நொரிஸ் விருதைப் பெறத்தக்க ஆற்றல் அவரிடம் உண்டு என அணியின் மேலாளரே 2014இல் வெளிப்படக் கூறினார். ஆனால் அவ்வணி 2006க்குப் பின் பத்துப் பருவங்கள் தொடர்ந்து கிண்ணத்துக்கான இறுதிச் சுற்றுகளை எட்டாத அணி. அனுபவமிக்க பின்கள வீரர் பற்றாக்குறையால், முதிராத அவர் தோளிலே முதல் இணையினரின் பாரம் ஏற்றப்பட்டது. அவர் தடுமாறினார். சொந்த நகரத்து அரங்கிலேயே எள்ளொலி எழுந்தது. 2016 பெப்ரவரியில், புதியோரைத் தெரியும் வரிசையின் மூன்றாஞ் சுற்றில் ஓர் இடத்துக்கு மாற்றாக அவர் பிற்ஸ்பேர்க் பென்குவின்ஸ் அணிக்குக் கொடுக்கப்பட்டார்.

பிற்ஸ்பேர்க்கிலே பயிற்றுநர் மைக் சலிவன் அவரை முதலில் மூன்றாம் இணையில் வைத்தார். நேரம் குறைந்தது, எதிரிகள் இலகுவாயினர், வட்டை முன்னே கொண்டு செல்லும் அவரது இயல்பான திறனுக்கு இடம் கிடைத்தது. முன்னாளிற் புகழ்பெற்ற பின்கள வீரரான செர்கேய் கொன்சார், அவ்வணியின் பின்கள வீரரை வளர்த்தெடுக்கும் பணியில் இருந்தார். அந்த ஆண்டே அணி ஸ்ரான்லி கிண்ணத்தை வென்றது. 2016-17 பருவத்தில் ஷுல்ற்ஸ் 12 கோல்களும் 39 உதவிகளுமாக 51 புள்ளிகள் பெற்றார். கூட்டல் கழித்தற் கணக்கில் அவர் பெயருக்கு நேரே 27 கூட்டலாக நின்றது. 2017இன் இறுதிச் சுற்றுகளில் அணியின் முதன்மைப் பின்கள வீரர் கிறிஸ் லெற்றாங் சத்திரசிகிச்சை காரணமாக ஆட இயலாது போகவே, ஷுல்ற்ஸ் கூடுதற் பாரத்தைச் சுமந்தார். அணி மீண்டும் கிண்ணத்தை வென்றது.

"பார்த்தீர்களா, பயிற்றுநர் மாறினார், ஆளும் மாறினார்" என்று மறு சாரார் கூறுவர். ஆனால் அவர்கள் ஒன்றை மறக்கின்றனர். ஷுல்ற்ஸ் எட்மன்ரனில் இருந்த நான்கு பருவங்களுள் அங்கு குரூகர், ஈக்கின்ஸ், நெல்சன், மக்லெலன் எனப் பயிற்றுநர் நால்வர் மாறிவிட்டனர். பயிற்றுநர் மாற்றமே மருந்தாயின், அம்மருந்து அவருக்கு மீண்டும் மீண்டும் புகட்டப்பட்டிருக்கிறது. மாறாதிருந்தது அவருக்கு அளிக்கப்பட்ட பாரமும் அவரைச் சூழ்ந்த அணியின் வறுமையுமே. 2017இல் அவர் பெரும்பாரத்தைச் சுமந்தமை மற்றோர் உண்மையையும் காட்டுகிறது. பாரம் சுமக்க இயலாதவராக அவர் பிறக்கவில்லை. உரிய காலத்துக்கு முன்னரே அது அவர் தோளில் ஏற்றப்பட்டிருந்தது.

இரண்டாமவர் சுவீடன் நாட்டவரான குஸ்ராவ் போர்ஸ்லிங். 2014இல் வன்கூவர் அணி அவரை 126ஆம் இடத்திலே தெரிவு செய்தது. ஓராண்டு கழியுமுன் சிக்காகோ பிளாக்ஹோக்ஸ் அணிக்குக் கைமாற்றியது. சிக்காகோவின் பயிற்றுநர் ஜோயல் குவென்வில், அவ்வணிக்கு மூன்று கிண்ணங்களை ஈட்டிக் கொடுத்தவர். போர்ஸ்லிங் அங்கு 2016 முதல் மூன்று பருவங்களில் 122 ஆட்டங்கள் ஆடியும் நிலையான இடத்தைப் பெற்றாரல்லர். மூன்றாம் பருவத்தின் தொடக்கத்திற் குவென்வில் நீக்கப்பட்டு வேறொருவர் வந்தார். அப்போதும் நிலைமை மாறவில்லை. 2019இல் போர்ஸ்லிங் கரோலைனா ஹரிக்கேன்ஸ் அணிக்குச் சென்றார். அங்கே ஸ்லேவின், பெசி, ஹமில்ரன் முதலிய தேர்ந்த பின்கள வீரர் நிறைந்திருந்தனர். 2019-20 பருவத்தில் தேசிய லீக்கில் ஓர் ஆட்டமேனும் ஆடாது, கீழ்நிலை லீக்கிலேயே அவர் காலங்கழித்தார். 2021 ஜனவரியில், விரும்பிய அணி எடுத்துக்கொள்ளலாம் என அறிவிக்கும் பட்டியலில் அவர் பெயர் இடப்பட்டது. புளோரிடா பந்தேர்ஸ் அணி அவரை எடுத்துக்கொண்டது. அப்போது புளோரிடாவின் பயிற்றுநராயிருந்தவர் யார்? அதே குவென்வில்.

இவ்விடத்திற் சற்று நின்று சிந்திக்க வேண்டும். எந்தப் பயிற்றுநரின் கீழ்ச் சிக்காகோவில் நிலைபெறாது போனாரோ, அதே பயிற்றுநரின் கீழ்ப் புளோரிடாவில் அவர் நிலைபெற்றார். 2021 ஒக்டோபரிற் குவென்வில் பதவி விலகினார். அன்ட்ரூ புருனெற் வந்தார். 2022இற் போல் மொறிஸ் வந்தார். போர்ஸ்லிங்கின் வளர்ச்சி தடைப்படவில்லை. 2023-24 பருவத்தில் ஏரன் எக்பிளாட்டுக்கு இணையாக முதல் இணையில் ஆடி, கூட்டல் கழித்தற் கணக்கில் 56 கூட்டல் பெற்று லீக் முழுவதிலும் முதலிடத்தில் நின்றார். 2024இலும் 2025இலும் புளோரிடா ஸ்ரான்லி கிண்ணத்தை வென்றது. யாரும் எடுத்துக்கொள்ளலாம் என விடப்பட்ட மனிதருக்கு, எட்டு ஆண்டுகளுக்கு 46 மில்லியன் டொலர் ஊதியத்தில் உடன்படிக்கை எழுதப்பட்டது.

இவ்விரு வரலாறுகளையும் அருகருகே வைத்து நோக்குமிடத்து, "வேறொரு பயிற்றுநர்" என்ற விடை தன் எளிமையை இழந்துவிடுகிறது. ஷுல்ற்ஸ் விடயத்திற் பயிற்றுநர் பலமுறை மாறியும் தோல்வி மாறவில்லை. போர்ஸ்லிங் விடயத்திற் பயிற்றுநர் அவரேயாக இருந்தும் தோல்வி வெற்றியாயிற்று. அதேவேளை "இவனிடம் சரக்கில்லை" என்ற விடை முற்றாகவே பொய்த்துவிடுகிறது.

ஒரு காரணத்தை நிறுவ வேண்டுமாயின், ஏனைய யாவும் ஒத்திருக்க அது ஒன்று மட்டும் வேறுபடும் இரு நிலைமைகளை ஒப்பிட வேண்டும் என ஜோன் ஸ்ருவேட் மில் 1843இல் வெளியிட்ட தமது தருக்க நூலில் விளக்கினார். மனித வாழ்விலே இவ்வொப்பீடு வாய்ப்பதில்லை. சிக்காகோவில் இருபது வயதில் ஆடிய போர்ஸ்லிங்கும் புளோரிடாவில் இருபத்துநான்கு வயதில் ஆடிய போர்ஸ்லிங்கும் பெயரால் ஒருவரேயன்றி அனுபவத்தால் ஒருவரல்லர். இடையில் உடல் முதிர்ந்தது, கீழ்நிலை லீக்கின் கசப்பு அறிவைக் கூர்மையாக்கியிருக்கலாம், இணையாளர் மாறினார், அணியின் தேவை மாறியது. இவற்றுள் எது எவ்வளவு என்று நிறுத்துக் காட்டுவதற்குத் தராசில்லை. ஆகவே, தடுமாறும் ஒருவரைச் சுட்டி, "வேறொருவரின் கீழ் இவர் வெல்வாரா?" என்று கேட்பின், வெல்வார் என்றோ வெல்லார் என்றோ அறுதியிட்டுக் கூற எவருக்கும் உரிமை இல்லை. ஆயின் இவ்வறியாமையே நமக்கு ஒன்றைக் கற்பிக்கிறது. தோல்வி என்பது ஒரு மனிதனுக்குள்ளே உறையும் பண்பன்று. மனிதனுக்கும் அவன் நிறுத்தப்பட்ட இடத்துக்கும் இடையிலான உறவின் பெயராகும். உறவிற் பிறந்த ஒன்றை ஒரு புறத்தார் தலையில் மட்டும் கட்டிவிடுவது முதலில் அறிவின் பிழை. பின்னர் நீதியின் பிழை.

1976இற் பேர்னாட் வில்லியம்ஸ், தோமஸ் நேகல் என்னும் மெய்யியலாளர் இருவர் இதனோடு நெருங்கிய வினா ஒன்றை எழுப்பினர். நம் வசத்தில் இல்லாதவை நம்மைப் பற்றிய ஒழுக்கத் தீர்ப்பை எவ்வளவு தூரம் நிர்ணயிக்கின்றன என்பது அவ்வினா. நாற்சி ஆட்சியிலே கொடுமுகாம் ஒன்றின் அதிகாரியாகிய மனிதன், அதற்கு முன்னரே ஜேர்மனியை விட்டு ஆர்ஜென்ரீனாவுக்குப் போயிருப்பின், எவர்க்கும் தீங்கிழைக்காத அமைதியான வாழ்வு வாழ்ந்திருக்கக் கூடும் என்பது நேகல் தரும் எடுத்துக்காட்டு. சூழ்நிலையாகிய இதனையும் அவர் அதிர்ஷ்டத்தின் வகையில் அடக்கினார்.

அவரது வினாவை நாம் மதிக்கிறோம். எனினும், நம் பின்கள வீரர் விடயத்தில் அதிர்ஷ்டம் என்ற சொல் ஒரு கையை மறைத்துவிடுகிறது எனக் கூற வேண்டியுள்ளது. ஷுல்ற்ஸ் முதல் இணையிலே நிறுத்தப்பட்டமை மழை பெய்தாற்போல் நிகழ்ந்த ஒன்றன்று, ஒருவர் தீர்மானித்தார். போர்ஸ்லிங்கின் பெயர் பட்டியலில் இடப்பட்டமையும் ஒருவர் தீர்மானித்ததே. ஆடுபவனுக்கு எது அதிர்ஷ்டமாகத் தோன்றுகிறதோ, அது மேலிருப்பவரின் தீர்மானமாயிருக்கிறது. தீர்மானித்தவர் தம் தீர்மானத்தின் விளைவை மற்றவனின் இயலாமை எனப் பெயரிட்டு அழைக்கும்போதே அநீதி தொடங்குகிறது.

பயிற்றுநர் வீரரைத் தெரிகிறார். வீரர் பயிற்றுநரைத் தெரிவதில்லை. இச்சமமின்மை இன்று நேற்று ஏற்பட்டதன்று. 1957 பெப்ரவரியில் தேசிய லீக்கின் வீரர்கள் தமக்கென ஒரு சங்கம் அமைக்க முற்பட்டனர். அதன் தலைவர் டெற்றோயிற் அணியின் ரெட் லின்ட்சே. உபதலைவர்களுள் ஒருவர் மொன்றியால் அணியின் பின்கள வீரர் டக் ஹார்வி. லின்ட்சே அவ்வாண்டு ஜூலையிலேயே சிக்காகோவுக்குக் கைமாற்றப்பட்டார். அவர் அப்போதுதான் தம் ஆட்டவாழ்வில் மிகக் கூடுதலான புள்ளிகளைப் பெற்ற பருவத்தை முடித்திருந்தார். சங்கமும் மறு ஆண்டே கலைந்தது. நிலைத்து நிற்கும் சங்கமொன்று அமைவதற்கு 1967 வரை காத்திருக்க நேர்ந்தது. ஹார்வி 1961இல் நியூயோர்க் ரேஞ்சர்ஸ் அணிக்குச் சென்று, அங்கே ஆட்டக்காரரும் பயிற்றுநரும் தாமேயாய் இருந்து, அப்பருவத்துக்கான நொரிஸ் விருதையும் பெற்றார். தம்மை எங்கே நிறுத்துவது எனத் தாமே தீர்மானிக்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியது. ஆயிரத்தில் ஒருவருக்கும் கிட்டாத வாய்ப்பு அது. ஏனையோர் பிறர் தீர்மானத்தின்கீழ் ஆடி, அதன் பயனைத் தம் பெயரிற் சுமப்பவர்களே.

இங்கு இரு மறுப்புகள் எழக்கூடும். "உண்மையான திறமை எங்கும் ஒளிரும்; நிக்லஸ் லிட்ஸ்ரமைப் பாருங்கள்" என்பது ஒன்று. லிட்ஸ்ரம் 1991 முதல் 2012 வரை டெற்றோயிற்றில் நான்கு பயிற்றுநரின் கீழ் ஆடி ஏழுமுறை நொரிஸ் விருது பெற்றார் என்பது மெய்யே. ஆனால் அவர் ஆடிய காலம் முழுவதும் டெற்றோயிற் வலிமை மிக்க அணியாகவே இருந்தது. பயிற்றுநர் மாறினர், நிலம் மாறவில்லை. மேலும், எந்நிலத்திலும் முளைக்கும் அரிய விதை ஒன்றைக் காட்டி, நீரின்றிக் கருகிய பயிர்களுக்குக் குற்றப்பத்திரிகை வாசித்தல் அறமாகாது.

"இவ்வாறு பேசினால் எவனும் தன் பிழைக்குப் பொறுப்பேற்கான்; பயிற்றுநரைப் பழித்துக்கொண்டே காலங்கழிப்பான்" என்பது மற்றொன்று. இம்மறுப்பு கனமானது. பழியைப் பயிற்றுநர் தலைக்கு மாற்றிவிடுவது நம் நோக்கமன்று; அதுவும் உறவிற் பிறந்ததை ஒரு புறத்தார் தலையிற் கட்டும் அதே பிழையே. கரோலைனாவில் இடங் கிட்டாமைக்கு அங்கிருந்த பயிற்றுநரின் தீயெண்ணமா காரணம்? இடம் ஏற்கெனவே நிரம்பியிருந்தது. பயிற்றுநரும் வென்றாலன்றிப் பதவியில் நிலையாதவர். அவருக்கும் மேலே மேலாளரும் உரிமையாளரும் உளர். வீரரின் பொறுப்போ மறையவில்லை. கீழ்நிலை லீக்கில் யாரும் கவனியாத மாலைகளிலே போர்ஸ்லிங் தம் ஆட்டத்தைக் கைவிட்டிருந்தால், புளோரிடா அழைத்த நாளில் அவரிடம் கொடுப்பதற்கு ஒன்றும் இருந்திராது. ஆயத்தமாயிருத்தல் அவர் கடன். அக்கடனை அவர் தீர்த்தார். நாம் கூறுவது இதுவே: அவரவர் பொறுப்பு அவரவர் கையிலுள்ள அதிகாரத்தின் அளவினதாகும். உழைப்பு வீரரின் கையில் உள்ளது. அதற்கு அவர் விடை கூறட்டும். இடமும் இணையும் பாரமும் மேலோர் கையில் உள்ளன. அவற்றுக்கு அவர்கள் விடை கூறட்டும்.

இதிலிருந்து நடைமுறைக்குரிய விதியொன்று பிறக்கிறது. "இவன் ஆகான்" என்று தீர்ப்பளிக்குமுன், தீர்ப்பளிப்பவர் தம்மை நோக்கிச் சில வினாக்களைக் கேட்க வேண்டும். இவன் பாரத்தைக் குறைத்துப் பார்த்தோமா? இணையை மாற்றிப் பார்த்தோமா? இவன் இயல்புக்கு ஒத்த முறையிலே ஆடவிட்டோமா? முதிர்வதற்குக் காலம் கொடுத்தோமா? இவற்றைச் செய்யாதவர், "எமக்கு இவன் பயன்படவில்லை" என்று கூறலாம். அது அவர்தம் அனுபவம். "இவன் பயனற்றவன்" என்று கூறும் உரிமை அவர்க்கில்லை. இரண்டு வாக்கியங்களுக்கும் உள்ள தூரம் சிறிதாகத் தோன்றும். ஆனால் இரண்டாவது வாக்கியத்தைக் கேட்டு நம்பிவிட்ட இளைஞன், பின்னர் வாய்ப்பு வரும்போதும் எழுந்து நிற்கமாட்டான். மேசைமீது விடைத்தாள் வைத்திருப்போரும், தொழிலிடத்தில் ஆளெடுப்போரும், வீட்டிலே பிள்ளை வளர்ப்போரும் இவ்விரு வாக்கியங்களுள் எதனைத் தாம் நாளும் உச்சரிக்கின்றனர் என எண்ணிப் பார்த்தல் நலம்.

வென்ற இருவரைக் கொண்டே நாம் இதுவரை பேசினோம். அவர்கள் வென்றமையாற்றான் அவர்தம் முந்தைய தோல்வி மீள்விசாரணைக்கு வந்தது. ஸ்ரான்லி கிண்ணத்தில் வென்றோர் பெயரைப் பொறிப்பது வழக்கம். 2021இற் பட்டியலில் இடப்பட்ட போர்ஸ்லிங்கின் பெயர், 2024இல் வென்றோர் பெயர்களோடு அக்கிண்ணத்திற் பொறிக்கப்பட்டது. ஆனால் அத்தகைய பட்டியல்களில் ஒவ்வொரு பருவமும் பல பெயர்கள் இடப்படுகின்றன. பெரும்பாலான பெயர்களை எவரும் எடுத்துக்கொள்வதில்லை. அவர்களுள்ளும் ஒரு போர்ஸ்லிங் இருந்தாரா என்பதை நாம் ஒருபோதும் அறியப்போவதில்லை. அறிய இயலாத அவர்களை அரங்கிலிருந்து எள்ளும் உரிமை நமக்கு எங்கிருந்து வந்தது?